சுலந்திரி புருஷனைக் கூப்பிடப் போனது

துலம்பென் கரையில், முக்குளிக்கிறவர்களுக்குக் காற்றுச் சிலிண்டர் சுமக்கிற பெண்களில், ஒரே நடையில் இரண்டு சிலிண்டரைத் தலையில் ஏற்றிக்கொண்டு கையை வீசி நடப்பவள் சுலந்திரி ஒருத்திதான். இது அவளாகச் சொல்லிக்கொள்வது இல்லை. கூடச் சுமக்கிறவளும் எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாதவளுமான ரெம்பினே ஒப்புக்கொண்ட விஷயம். அந்தக் கரையில் மணல் என்று பெரிதாக எதுவும் கிடையாது. எரிமலை உருட்டிவிட்ட கருங்கற்கள், தேங்காய் அளவில், காலை வைத்தால் உருளும். முக்குளிக்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் வெறுங்கையோடு நடப்பதற்கே ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு தள்ளாடுவார்கள். அவர்கள் பாதி தூரம் வருவதற்குள் சுலந்திரி தண்ணீர் ஓரத்தில் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, சும்மாட்டை உதறிக்கொண்டு அடுத்ததை எடுக்கத் திரும்பியிருப்பாள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை.

அவள் சுமந்த காற்றெல்லாம் போன இடம் ஒன்றே ஒன்றுதான். கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், தண்ணீருக்கடியில், ஒரு கப்பல் கிடக்கிறது. உலகச் சண்டையில் ஜப்பான்காரன் அடித்து ஓட்டை போட்ட அமெரிக்கச் சரக்குக் கப்பல். மூழ்குவதற்கு முன் இழுத்து வந்து இந்தக் கரையில் ஏற்றிவிட்டார்கள். இருபது வருஷத்துக்குமேல் கரையிலேயே கிடந்தது. சுலந்திரியின் அம்மா அதன் கம்பியில் துணி காயப்போட்டிருக்கிறாள். அகுங் மலை வெடித்த வருஷம் தரை குலுங்கின குலுக்கலில் கப்பல் நழுவிக் கடலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அப்புறம் அதன்மேல் பவளம் வளர்ந்து, மீன்கள் குடியேறி, அதைப் பார்ப்பதற்கென்றே எங்கெங்கிருந்தோ ஆட்கள் வரத் தொடங்கியபோது, ஊரும் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கப்பலை நம்பிப் பிழைக்க ஆரம்பித்தது. சுலந்திரி பிறந்தபோது அது தண்ணீருக்குள் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதனால் அவள் அதைப் பார்த்ததே இல்லை.

அவளுடைய புருஷன் சுமர்த்தா பார்த்தான். அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே பார்த்தான் என்று சொல்லலாம். விருந்தாளிகளைத் தண்ணீருக்குள் கூட்டிப்போய்க் கப்பலைச் சுற்றிக் காட்டுகிற வழிகாட்டி வேலை அவனுக்கு. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சில நாள் மூன்று. மேலே வந்ததும் ஒரு கல்லில் உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பான். ஒரு வாய் சோறு உள்ளே போவதற்குள் கதையை ஆரம்பித்துவிடுவான். இன்றைக்கு எருமைத் தலை மீன்கள் முப்பது சேர்ந்தாற்போல் வந்தன, இன்றைக்கு ஒரு ஆமை படிக்கட்டு ஏறுகிற மாதிரி மேலே போயிற்று என்று. கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேச வந்தவள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

"உங்களுக்கு ரெண்டு பொண்டாட்டி. மூத்தவ தண்ணிக்குள்ள இருக்கா," என்பாள்.

"அவ வாயே திறக்கறதில்லையே, அதான் அடிக்கடி போறேன்," என்பான் அவன்.

ஒரு தடவை உன்னையும் கூட்டிப்போகிறேன் என்று வருஷம் தவறாமல் சொன்னான். முதலில் கூரையைப் பாருங்கள், கப்பலை அப்புறம் பார்க்கலாம் என்று இவளும் வருஷம் தவறாமல் தட்டிக்கழித்தாள். உண்மையில் கூரை ஒரு சாக்கு. இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறினாலே அவளுக்குப் பயம். அவனிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவன் போன பிறகு, அந்தப் பதிலை நினைத்து எத்தனையோ தடவை தன் வாயிலேயே அடித்துக்கொண்டிருக்கிறாள்.

அவன் போனது ஒரு முற்பகலில். லேசான காய்ச்சல் இருந்தது. விருந்தாளிகள் காத்திருக்கிறார்களே என்று இறங்கிவிட்டான். கப்பலின் நடுவே சரக்கு வைக்கிற பெரிய அறை ஒன்று இருக்கிறது, கூரை போய் மேலே திறந்து கிடக்கும். அதற்குள் போனவன், களைத்தவன் மாதிரி ஓர் இரும்புத் தூலத்தில் உட்கார்ந்தான். ஏதோ காட்டப்போகிறான் என்று கூட வந்த இரண்டு பேரும் எதிரே மிதந்துகொண்டு காத்திருந்தார்கள். அவன் இதயம் நின்றுபோயிருந்தது. வேறொரு கூட்டத்துக்கு வழிகாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த அவன் தம்பி லோத்ராதான் பார்த்து, தூக்கிக்கொண்டு மேலே வந்தான். தண்ணீர் ஓரத்தில், சுலந்திரி சிலிண்டர் இறக்கி வைக்கிற கற்களின்மேலேயே கிடத்தினார்கள். அப்போது அவனுக்கு நாற்பத்தாறு வயது.

ஊர் வழக்கப்படி புதைத்தார்கள். தோண்டியெடுத்து எரிப்பது பிறகு, ஊரே சேர்ந்து நாள் பார்த்துச் செய்யும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வீட்டுக்கு வெளியே, எதிர்பாராமல் உயிர் போனால், ஆவி திகைத்துப்போய் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பைக்கிலிருந்து விழுந்து கால் ஒடிந்தவனுக்கே, உயிரில் ஒரு பங்கு ரோட்டில் விழுந்து கிடக்கிறது என்று போய் அழைத்து வருகிற ஊர் அது. செத்தவனை விட்டுவிடுவார்களா? அந்த இடத்துக்குப் போய், வீட்டு ஆள் ஒருத்தர் அவன் முழுப் பெயரையும் சொல்லி, மூன்று முறை, வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். அங்கிருந்து ஒரு பிடி மண்ணை வெள்ளைத் துணியில் முடிந்து, குடை பிடித்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே மகள் சிங்கராஜாவில் கல்யாணமாகி வேறு வீட்டுக்காரி ஆகிவிட்டாள். ஆகவே கூப்பிட வேண்டியவள் சுலந்திரி.

பூசாரி மணியை ஆட்டினார். சுலந்திரி முழங்கால் தண்ணீரில் நின்றாள். உதடு மூன்று தடவை அசைந்தது. சத்தம் வரவில்லை. பாவம், தொண்டை அடைத்துக்கொண்டது, அலைச் சத்தம் வேறு என்று கரையில் நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் வேண்டுமென்றேதான் கூப்பிடாமல் இருந்தாள்.

கூப்பிட்டால் வந்துவிடுவான். வந்தால் எரிப்பார்கள். எரித்த சாம்பலைக் கடலில் கரைத்து, அடுத்தடுத்த சடங்குகளும் முடிந்தபின் வீட்டுக் கோயிலில் முன்னோரோடு முன்னோராக, சாமியாகிப் போவான். சாமியைக் கும்பிடலாம், கூரை ஒழுகுகிறது என்று சண்டை போட முடியுமா? கப்பலுக்குள் இருந்தாலோ, அவள் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை வந்துபோகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பான். இந்தக் கணக்கு சரியா தப்பா என்று அவள் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு சிலிண்டரையும் தண்ணீர் ஓரத்தில் இறக்கும்போது, "இருங்க" என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத் திரும்பினாள். மூன்று வருஷம் இப்படியே போயிற்று. அவனை நினைத்து அவள் ஏங்கிய ஏக்கத்தில் பாதி இந்த ஒரு சொல்லால்தான் தாங்கக்கூடியதாக இருந்தது.

நான்காம் வருஷம் ஊர் கூடி, அறுபத்துச் சொச்சம் பேரை ஒரே நாளில் எரிப்பதென்று முடிவு செய்தது. சுமர்த்தா வீட்டார், எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மேலூரில் ஆவி இறங்கிப் பேசுகிறவளிடம் போனார்கள். ஒல்லியான கிழவி. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, ஆண்குரலில் பேசினாள்.

"என்னை இன்னும் யாரும் கூப்பிடலை. இரும்புல உக்காந்து உக்காந்து முதுகே விட்டுப்போச்சு."

சுலந்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. மற்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வீடு திரும்பியதும் பெரிய சச்சரவு. செத்தது கப்பலுக்குள்ளே, நீங்கள் கரையில் நிறுத்திக் கூப்பிட வைத்தால் எப்படி வருவான் என்று சுமர்த்தாவின் பெரியப்பா பூசாரியைப் பிடித்துக்கொண்டார். கரையில் கிடத்தினீர்கள், கரையில் கூப்பிட்டேன், நான் என்ன மீனா என்று பூசாரியும் விடவில்லை. கடைசியில் எல்லோருமாக, இடம்தான் தப்பு, இந்த முறை கப்பலுக்கே போய்க் கூப்பிட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். லோத்ரா வாயைத் திறக்கவில்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கக்கூடிய விவகாரம் அது. மறுபடி கரைக்குப் போய், மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, சாயங்காலம் காப்பி குடிக்க வந்துவிடலாம். சுலந்திரி சொல்லவில்லை. வெட்கம் ஒரு காரணம். கட்டினவனை வேண்டுமென்றே தண்ணீரில் விட்டுவைத்தவள் என்ற பேரோடு அந்த ஊரில் எப்படி நடமாடுவது? ஆனால் வெட்கத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று, அந்தச் சச்சரவுக்கு நடுவில்தான் அவளுக்கே தெரிந்தது. கூப்பிடுகிறவள் அந்த அறைக்குள் போவாள். அவன் உட்கார்ந்த தூலத்தைப் பார்ப்பாள்.

"நான் போறேன்," என்றாள்.

சொன்ன பிறகுதான் தண்ணீர் ஞாபகத்துக்கு வந்தது.

ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்தில் விருந்தாளிகள் இல்லாத மத்தியான வேளையில் லோத்ரா கற்றுக்கொடுத்தான். முதல் நாள் முழுக்க அவள் ஏணியை விடவில்லை. இரண்டாம் நாள் வாயில் வைத்த குழாயைக் கடித்த கடியில் ரப்பர் கிழிந்தது. மூன்றாம் நாள் தண்ணீருக்குள் தலையை விட்டவள், அலறிக்கொண்டு மேலே வந்து லோத்ராவின் முடியைப் பிடித்துவிட்டாள். அவன் அதிகம் பொறுமைசாலி இல்லை. மதினி, இது நீச்சல் குளம், இதில் சாவதற்குத் தனித் திறமை வேண்டும் என்று கடுகடுத்தான். கரையில் செய்தி பரவி, சிலிண்டர் எடுக்கப் போகும்போதெல்லாம் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"இருபத்திரெண்டு வருசம் தலையில சுமந்த காத்தை இப்பக் குடிக்கப் போறியாமே," என்றாள் ரெம்பின். "எப்படி, உப்பு ஒறப்பு எல்லாம் சரியா இருக்கா?"

சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரத்தில் என்றைக்கோ ஒருநாள், குளத்தின் அடியில் முழங்காலிட்டு இருந்தபோது அவள் பயப்பட மறந்துபோனாள். காரணம் ஒரு சத்தம். தன் மூச்சு குழாய் வழியே உள்ளே போவதும், குமிழியாகக் காதோரம் வெளியேறுவதும் மட்டும் கேட்டது. உலகத்தில் வேறு ஒன்றுமே கேட்கவில்லை. அவன் பதினேழு வருஷம் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் இது. வீட்டுக்கு வந்து கதை கதையாகச் சொன்னவன் இதைச் சொல்லியதே இல்லை. சொல்ல மறந்தானா, இதெல்லாம் ஒரு விஷயமா என்று விட்டுவிட்டானா? இப்படி எத்தனை விஷயம் சொல்லாமல் போனானோ என்று அவளுக்கு நெஞ்சு கனத்தது. லோத்ரா மேலே போகலாம் என்று கட்டைவிரலைக் காட்டினான். அவள் முடியாது என்று தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பூசாரிக்கு ஒரு சிக்கல் தீர்க்க வேண்டியிருந்தது. வாயில் குழாயை வைத்துக்கொண்டு வாய்விட்டுக் கூப்பிடுவது எப்படி? அவர் ஓலைச்சுவடியைப் புரட்டினார். தண்ணீருக்கடியில் மூச்சு விடுகிறவர்களைப் பற்றி முன்னோர்கள் ஒன்றும் எழுதிவைக்கவில்லை. மனசுக்குள் கூப்பிட்டால் போதும், ஆவிக்கு அது கேட்கும் என்று தீர்ப்புச் சொன்னார். சுலந்திரிக்கு இதைக் கேட்டு நிம்மதி வரவில்லை. மனசுக்குள் அவள் அவனோடு பேசாத நாள் ஏது? பேசினதெல்லாம் "இருங்க" என்றுதானே. கீழே போய் நின்றதும் மனசு வேறு பேச்சுப் பேசும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? வாயில் குழாய் இருக்கும். கூப்பிட்டாளா இல்லையா என்று இந்த முறையும் ஒரு மனுஷருக்கும் தெரியப் போவதில்லை.

சடங்குக்கு முந்தின நாள் மத்தியானம், கரையோரத் தண்ணீரில் கடைசிப் பயிற்சி முடிந்து இரண்டு பேரும் கற்களின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். லோத்ரா துடுப்புச் செருப்பைக் கழற்றிக்கொண்டே, யாரிடமோ சொல்கிற மாதிரிப் பேசினான்.

"மூணு வருசமா நான் அந்த அறைக்குள்ள போகலை, மதினி. வெளிப்பக்கமாவே சுத்திக் காட்டிட்டு வந்துடுவேன். ஒரு தடவை மட்டும், வந்த ஆளு அடம்பிடிச்சான்னு போனேன். பின்னாடி யாரோ மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சு. என் கூடப் பொறந்தவன். நான் திரும்பிக்கூடப் பாக்காம வெளிய வந்துட்டேன்." செருப்பிலிருந்து தண்ணீரைக் கொட்டினான். "நாளைக்கு நல்லாக் கூப்பிடுங்க."

சுலந்திரியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "லோத்ரா, அன்னிக்கு நான் கூப்பிடவே இல்லை."

"தெரியும்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க பக்கத்துலதான நின்னேன். அலை என்ன அவ்வளவு சத்தமாவா போட்டுச்சு? எனக்கும் அவன் போறது பிடிக்கலை, அதான் சும்மா இருந்துட்டேன். இப்ப முதுகு வலிக்குதுன்னு கேட்டதும் மனசு தாங்கலை."

"அப்ப அன்னிக்கு எல்லாரும் சண்டை போட்டப்பவே சொல்லியிருக்கலாமே. கரையில நின்னு கூப்பிட்டாலும் வந்திருப்பார்ல?"

"வந்திருப்பான்," என்றான் லோத்ரா. "ஆனா நீங்க கப்பலைப் பாத்ததில்லையே. கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேந்துட்டான்."

சுலந்திரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நன்றாக அழுதாள். அவன் எழுந்து போகாமல், அதே செருப்பில் இல்லாத தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை, வெள்ளைத் துணி, ஓலைத் தட்டில் பூ, மஞ்சள் குடை எல்லாம் கரைக்கு வந்துசேர்ந்தன. சுலந்திரி உடுப்பை மாட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில் தலையில் சும்மாட்டை வைத்துத் தன் சிலிண்டரைத் தானே தூக்கப்போனாள். ரெம்பின் ஓடிவந்து பிடுங்கினாள். சிலிண்டர் சுமப்பதில் அந்தப் பெண்களுக்குள் கறாரான முறை உண்டு. யார் முறையோ அவள்தான் தூக்க வேண்டும், முக்குளிக்கிறவர் யாரும் தன்னுடையதைத் தொடக் கூடாது.

"விடுடி. இன்னிக்கு நீ விருந்தாளி," என்றாள் ரெம்பின். "சும்மா நடந்து பழகு."

சுலந்திரிக்கு வெறுங்கையோடு நடக்கத் தெரியவில்லை. தலையில் பாரம் இல்லாமல் அந்தக் கற்களின்மேல் தண்ணீரை நோக்கி நடந்து அவளுக்குப் பழக்கமே இல்லை. வெளிநாட்டுக்காரி மாதிரி இரண்டு இடத்தில் தடுமாறினாள், பெண்கள் சிரித்தார்கள். தண்ணீர் ஓரத்தில் சிலிண்டரை அவள் முதுகில் மாட்டி வாரை இழுத்துக் கட்டும்போது ரெம்பின் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணனைக் கேட்டதாச் சொல்லு."

கருமணல் சரிவு ஒன்று கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. மணலில் நட்டுவைத்த குச்சிகள் மாதிரி நூற்றுக்கணக்கில் விலாங்குகள் நின்றன; அருகே போனதும் எல்லாம் வளைக்குள் போய்விட்டன. லோத்ரா கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நீலத்தில் ஒரு கறுப்பு, அது பெரிதாகி, பெரிதாகி, அண்ணாந்து பார்க்கிற உயரத்துக்கு வந்தது. கப்பல் என்று ஒன்றை எதிர்பார்த்து வந்தவளுக்கு அது கப்பலாகவே தெரியவில்லை. இரும்பு இருக்கிற இடமெல்லாம் ஊதாவும் மஞ்சளும் சிவப்புமாக ஏதேதோ முளைத்திருந்தது. ஒவ்வொரு பொந்திலும் ஒரு குடும்பம் இருந்தது. வெள்ளி மீன்கள் ஆயிரமோ பத்தாயிரமோ ஒரே சுழலாகத் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்தன. அவன் சொன்னதில் பாதி கயிறு திரிக்கிறான் என்றுதான் அவள் அத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அவன் குறைத்தே சொல்லியிருக்கிறான். கண்ணாடிக்குள் கண் நிறைந்துவிட்டது, துடைக்க வழியில்லை.

நடு அறைக்கு வந்ததும் லோத்ரா ஒரு நொடி தயங்கிவிட்டு உள்ளே நுழைந்தான். தூலத்தைக் காட்டினான். அதன்மேல் தொட்டால் சுருங்கும் பூ மாதிரி ஏதோ விரிந்திருந்தது, சின்ன மீன் இரண்டு அதற்குள் புகுந்து புகுந்து வந்தன. ஒரு ஆள் உட்காரலாம். உட்கார்ந்தால் மேலே திறந்த வெளி வழியாக வெளிச்சம் நேராக முகத்தில் விழும். நல்ல இடமாகத்தான் பார்த்து உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. லோத்ரா கொஞ்சம் தள்ளிப் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அவள் தூலத்துக்கு எதிரே முழங்காலிட்டாள். கண்ணை மூடிக் கூப்பிட்டாள். ஐ நியோமான் சுமர்த்தா. அவன் பெயரை அவள் மனசில்கூட முழுசாகச் சொன்னதில்லை. வாங்க என்று சொல்லப்போனாள், இருங்க என்றுதான் வந்தது. மறுபடியும் முயன்றாள். மறுபடியும் அதேதான். அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. இவ்வளவு அழகான இடத்தில், இவ்வளவு பக்கத்தில் இருப்பவனை எந்தப் பைத்தியம் கிளம்பு என்று சொல்லும்? யாருக்குத் தெரியப்போகிறது? முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறானே, அவன் கேட்க மாட்டான். மேலே போய், கூப்பிட்டேன் என்று தலையாட்டினால் முடிந்தது.

அப்போது லோத்ராவின் தோள் குலுங்குவதைப் பார்த்தாள். அவன் இந்த அறைக்குள் நிற்க எவ்வளவு பாடுபடுகிறான் என்பது அந்த முதுகிலேயே தெரிந்தது.

கப்பலைச் சுற்றி அன்றைக்கு வேறு ஆட்களும் இருந்தார்கள். அங்கே யாரையாவது கூப்பிட வேண்டுமானால் வழிகாட்டிகள் கையிலுள்ள இரும்புக் கம்பியால் தங்கள் சிலிண்டரைத் தட்டுவார்கள். வந்து பார், இங்கே வா என்று அர்த்தம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்கூட எங்கோ யாரோ தட்டிய சத்தம் கேட்டிருந்தது. சுலந்திரி நீந்திப் போய் லோத்ராவின் இடுப்பிலிருந்த கம்பியை உருவிக்கொண்டாள். மனசு பொய் சொல்லும். இதை ஊரறியத் தட்டிவிட்டால் திரும்ப வாங்க முடியாது. தூலத்தின் முன்னால் வந்து, கையைப் பின்னால் வளைத்து, முதுகிலிருந்த சிலிண்டரில் ஓங்கித் தட்டினாள்.

ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டுக்குக் கை ஓங்கும்போது, வாங்க, வீட்டுக்குப் போகலாம் என்று அவளுக்குள்ளே தானாகவே வந்துவிட்டது.

தண்ணீருக்குள் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று தெரியாது, எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். கப்பலின் முன்னாலும் பின்னாலும் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். கூப்பிட்டது யார், என்ன பார்த்தார்கள் என்று தேடிக்கொண்டு ஒவ்வொருவராக அந்தத் திறப்பின்மேல் வந்து மிதந்து, உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஆறு பேர், ஏழு பேர், எட்டுப் பேர். முகம் தெரியாது, கண்ணாடிக்குள் கண் மட்டும் தெரியும். அவள் அண்ணாந்து ஒவ்வொரு ஜோடிக் கண்ணாகப் பார்த்தாள். அதில் ஒன்று அவனுடையதாக இருக்காதா என்று தேடினாள். இது கிறுக்குத்தனம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் எட்டுப் பேரையும் பார்த்து முடிக்கும்வரை தேடினாள். அப்புறம் குனிந்து, தூலத்தின் அடியிலிருந்து ஒரு பிடி கருமணலை அள்ளி, வெள்ளைத் துணியில் வைத்து முடிந்தாள்.

கரையில் பூசாரி குடையோடு காத்திருந்தார். கூப்பிட்டாளா என்று கேட்டார். சுலந்திரி முடிச்சைக் குடைக்கு அடியில் நீட்டினாள்.

"கூப்பிட்டாங்க," என்றான் லோத்ரா. "கப்பல்ல இருந்த அத்தனை பேருக்கும் கேட்டுச்சு."

முடிச்சை வீட்டு மண்டபத்தில், புதுப் பாய் விரித்து, தலையணை வைத்து, அதன்மேல் வைத்தார்கள். எரிக்கிற நாளுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. அதுவரை வீட்டிலிருக்கும் ஆளுக்குச் செய்வது போலவே எல்லாம் செய்ய வேண்டும், காலையில் காப்பி, மத்தியானம் சோறு, வெற்றிலை என்று பூசாரி சொல்லிவிட்டுப் போனார். சுலந்திரி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பதினோரு நாளா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

அடுத்த நாள் காலை வாசலில் ரெம்பினின் குரல் கேட்டது. மூன்று வேன் நிறைய ஆள் வருகிறார்களாம், சுமக்கக் கை போதாதாம். ரெம்பின் உள்ளே எட்டிப் பார்த்தாள். மண்டபத்தில் பாய்க்குப் பக்கத்தில் சுலந்திரி தலைவாரிப் பூ வைத்து உட்கார்ந்திருந்தாள். எதிரே இரண்டு டம்ளர் காப்பி ஆவி பறந்துகொண்டிருந்தது.

"ஏண்டி, வேலைக்கு வர்றியா இல்லையா?"

"பத்து நாளைக்கு என்னை எதிர்பாக்காதே," என்றாள் சுலந்திரி. "அவர் வீட்டுல இருக்காரு."